பெட்டியிலிருந்து எடுத்த ரீல் சூரைக்கு ஆகாது

சான் டியாகோவிலிருந்து இரவில் கிளம்பும் சூரைப் படகுகளில், பிரிக்காத ரீல் பெட்டியோடு ஏறுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். படகு துறையைத் தாண்டுவதற்குள் ரீல் கழியில் ஏறிவிடும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைக் கம்பெனிக்காரன் சரிபார்க்காமலா அனுப்பியிருப்பான் என்ற நம்பிக்கை. ரீல் நன்றாகவே செய்யப்பட்டிருக்கலாம். ஆனால் உங்கள் நரம்புக்கும் நீங்கள் தேடிப் போகும் மீனுக்கும் ஏற்ற இறுக்கத்தை எந்தக் கம்பெனியும் வைத்து அனுப்ப முடியாது. சான் கிளமென்டே தீவுப் பக்கம் நூறு பவுண்டுக்கு மேற்பட்ட ப்ளூஃபின் சூரை சாதாரணமாகவே மாட்டும். அது முதல் பாய்ச்சலில் நரம்பை உருவிக்கொண்டு போகும்போது, ரீல் இறுக்கிப் பிடித்தபடியே திக்கித் திணறாமல் நரம்பை விட வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிராக். புது ரீலில் நான் பார்க்கும் ஒவ்வொன்றும் கடைசியில் டிராக்கில்தான் போய் முடியும்.

கன்னியாகுமரிப் பக்கம் கைத்தூண்டிலில் சூரை பிடிப்பவருக்கு அவருடைய விரல்களே டிராக். இந்தக் கலிஃபோர்னியக் கரையிலும் ஆரம்பத்தில் ஏறக்குறைய அதே கதைதான். 1898-இல் சார்லஸ் ஹோல்டர் கேட்டலினா தீவுக்கருகே 183 பவுண்டு ப்ளூஃபினைக் கழியும் ரீலும் கொண்டு பிடித்த காலத்தில், ரீலுக்குள் டிராக் கிடையாது. ஸ்பூலின் மேல் ஒரு தோல் துண்டைக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். மீன் ஓடினால் கைப்பிடியும் பின்னோக்கிச் சுழன்று விரல் முட்டிகளைப் பதம் பார்க்கும். டிராக்கை ரீலுக்குள் வைக்கும் யோசனை அந்தத் தீவில் மீன்பிடித்த வில்லியம் போஷனுடையது. 1913-இல் அப்படிப்பட்ட ரீலோடு போய் வாள்மீனையே பிடித்துக் காட்டினார்.

இன்று பெரிய சூரைக்கு இங்கே எல்லோரும் எடுப்பது லீவர் டிராக் உள்ள, இரண்டு கியர் ரீல். லீவரை முழுக்கப் பின்னால் இழுத்தால் ஸ்பூல் தாராளமாக ஓடும். ஸ்ட்ரைக் என்று குறித்த இடத்துக்குத் தள்ளினால் மீனோடு மல்லுக்கட்டும் இறுக்கம் வரும். அதற்கும் மேலே ஃபுல். ஸ்ட்ரைக்கில் எத்தனை பவுண்டு என்பதை முடிவு செய்வது ப்ரீசெட் குமிழ். லீவரைப் பின்னால் கொண்டுவந்த பிறகே அந்தக் குமிழைத் தொட வேண்டும். இறுக்கத்தில் இருக்கும்போது திருகுவது ரீலுக்கு ஆகாது.

நரம்பு சுற்றுவதற்கு முன்பே சோதித்துவிடுவது நல்லது, கோளாறு இருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். லீவரைப் பின்னால் வைத்து ஸ்பூலை விரலால் ஒரு தட்டு தட்டுவேன். உரசல் சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்ற வேண்டும். லீவரை முன்னும் பின்னும் நகர்த்தும்போது எங்கும் தடுக்கக் கூடாது. இரண்டு கியரிலும் மெதுவாகச் சுற்றினால் மணல் அரைபடுவது போன்ற உணர்வு வரக் கூடாது. கியர் மாற்றும் பொத்தான் ஒவ்வொரு முறையும் முழுதாக விழ வேண்டும். பிறகு லீவரை ஃபுல்லில் தள்ளி, கைப்பிடியைப் பின்னோக்கி அழுத்திப் பார்ப்பேன். அசையாமல் நிற்க வேண்டும். இதில் துளி சந்தேகம் இருந்தாலும் ரீலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புது ரீலை முழுதாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, வாரண்டி போய்விடலாம். ஆனால் பக்கத் தட்டின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, படகுக்குப் போடும் கிரீஸைத் தொட்டுவைத்து மறுபடி முடுக்குவேன். துருப்பிடிக்காத எஃகுத் திருகு, அலுமினிய உடல், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அரிப்பு நிச்சயம். சில வருடம் போன பிறகு அந்தத் திருகைக் கழற்றப் போனால் தலை முறிந்து கையோடு வரும். டிராக் தட்டில் மட்டும் இந்தக் கிரீஸ் படவே கூடாது. கார்பன் தட்டுக்கென்று தனி கிரீஸ் உண்டு, உலர்ந்தே ஓடும் ரீல்களும் உண்டு. கூட வரும் கையேட்டில் சொன்னபடி செய்தால் போதும்.

நரம்பைக் கடையில் மெஷினில் சுற்றித் தரச் சொல்வேன். பின்னல் நரம்பு தளர்வாகச் சுற்றியிருந்தால், மீன் இழுக்கும்போது மேல் சுற்று அடிச் சுற்றுகளுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். கையால் அந்த இறுக்கத்தைக் கொண்டுவருவது கஷ்டம். வழவழப்பான பின்னல், ஸ்பூலின் அடியில் பிடிமானம் இல்லாவிட்டால் மொத்தமாக வழுக்கிச் சுழலும். அடியில் கொஞ்சம் தங்கூசி சுற்றிவிட்டு அதன்மேல் பின்னலை ஏற்றச் சொல்லுங்கள். விளிம்பு வரை நிரப்பவும் வேண்டாம். இந்த ரீல்களில் நரம்பைப் பரப்பிவிடும் கம்பி கிடையாது, கட்டைவிரல்தான் பரப்ப வேண்டும். ஒரு பக்கமாகக் குவிந்தால் ரீலின் குறுக்குச் சட்டத்தில் உரசி நின்றுவிடும்.

இனி தராசு. ஸ்ட்ரைக்கில் நரம்பின் தாங்குதிறனில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை என்பது பழைய கணக்கு. 80 பவுண்டு நரம்பென்றால் 20-லிருந்து ஏறக்குறைய 27 பவுண்டு. கழியை ஒருவர் பிடித்துக்கொள்ள, நரம்பின் நுனியில் தராசை மாட்டி மெதுவாக இழுப்பேன். அளவை விட முக்கியம் முள் நகரும் விதம். சட்டென்று எகிறி, நரம்பு நகர்ந்ததும் கீழே விழுந்தால் டிராக் முதலில் ஒட்டிக்கொண்டு பிறகுதான் விடுகிறது என்று அர்த்தம். அந்த எகிறலில்தான் நரம்பு அறும். அடுத்து, நரம்பைப் பிடித்துக்கொண்டு ஒருவரை வாகன நிறுத்துமிடத்தின் மறுகோடி வரை வேகமாக நடக்கவிட்டு, தட்டு சூடான பிறகு மறுபடி அளக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அளவு வைத்த பிறகு லீவரைப் பின்னால் இழுத்து ஸ்பூலை மறுபடி தட்டிப் பாருங்கள். ஓடாமல் நின்றால், அந்த ரீலால் அந்த இறுக்கத்தைத் தர முடியவில்லை. ஓட்டம் இல்லாத ஸ்பூலில் உயிர் இரை இயல்பாக நீந்திப் போகாது. பெரிய ரீலுக்கு மாறுங்கள், அல்லது மெல்லிய நரம்புக்கு இறங்குங்கள். குமிழை இன்னும் முடுக்கினால் பேரிங்தான் கெடும்.

இன்னொன்றையும் மேஜையிலேயே கணக்குப் போட்டுவைப்பது நல்லது. நரம்பு போகப் போக ஸ்பூலின் சுற்றளவு குறையும், இறுக்கம் ஏறும். விட்டம் பாதியானால் நரம்பின் மேல் இழுவை இரண்டு மடங்கு. மீன் தூரத்தில் இருக்கும்போது பதற்றத்தில் லீவரை முன்னால் தள்ளுகிறார்கள். உண்மையில் அப்போது கொஞ்சம் பின்னால் எடுக்க வேண்டும். இதற்காகவே 15 பவுண்டும் 20 பவுண்டும் வரும் இடங்களை லீவருக்கு அருகே சின்ன டேப் துண்டுகளால் குறித்துவைக்கிறேன். இருட்டில் டார்ச் பட்டால் தெரிகிற மாதிரி வெள்ளை டேப்.

கரை திரும்பியதும் லீவரை ஃபுல்லில் வைத்து, குழாய்த் தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவுவேன். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். துடைத்ததும் லீவரைப் பின்னால் இழுத்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பது. முதல் சில மீன்களுக்குப் பிறகு புதுத் தட்டு படிந்து அளவு கொஞ்சம் மாறியிருக்கும். அடுத்த பயணத்துக்கு முன் தராசை எடுத்து, டேப்பை நகர்த்தி ஒட்ட வேண்டியிருக்கும்.