பட்டுப்புழுவில் தொடங்கும் ஆராய்ச்சி கெரியர்: தர்மபுரி மாணவர்களுக்கு ஆறு படிகள்

எம்.எஸ்சி. விலங்கியல் முடித்ததும் அடுத்தது பி.எட். என்று முடிவெடுக்கும் முன் இதைப் படியுங்கள். முதுகெலும்பில்லாத உயிர்களின் நோய் எதிர்ப்பும் இனப்பெருக்கமும் பட்டு, இறால், மருத்துவம் மூன்றுக்கும் தேவைப்படும் துறைகள். பழ ஈயின் உடல் பூஞ்சையை எப்படி எதிர்க்கிறது என்று கண்டறிந்த ஜூல் ஹாஃப்மன் 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தத் துறையில் போட்டி கடுமை. பெருநகர மாணவரிடம் பெரிய லேப் இருக்கும். பட்டுக்கூடு அங்காடியும் மல்பெரித் தோட்டங்களும் உங்கள் ஊரில் இருக்கின்றன. அவற்றை வைத்து முந்துங்கள்.

1. ஓர் உயிரியைப் பிடியுங்கள், விடாதீர்கள்.
சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. சுப்பிரமணியம், கடற்கரை மணலில் புதைந்து வாழும் எமெரிட்டா என்ற சிறு நண்டின் இனப்பெருக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஓட்டுமீன்களின் இனப்பெருக்கம் பற்றிய அவருடைய ஆங்கில நூலை 2017இல் அகாடமிக் பிரஸ் வெளியிட்டது. அவருக்குக் கடற்கரை மணல். உங்களுக்குப் பட்டுப்புழு மனை.

2. நோய் எதிர்ப்பும் இனப்பெருக்கமும் சந்திக்கும் கேள்வியைத் தேடுங்கள்.
பட்டுப்புழுவைத் தாக்கும் பெப்ரைன் நோயின் கிருமி தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டைக்குள்ளேயே போய்விடுகிறது. அதனால்தான் முட்டையிட்ட தாயை அரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முறையை 1860களில் லூயி பாஸ்டர் கொண்டுவந்தார். முட்டை வித்தகங்களில் இன்றும் அதே முறைதான். இன்னொன்று: முட்டைக்கான மஞ்சள்கருப் புரதம், கிருமியைக் கொல்லும் புரதம் இரண்டையும் பூச்சியின் கொழுப்புத் திசுதான் தயாரிக்கிறது. பட்டு அந்துப்பூச்சியோ எதையும் உண்பதில்லை. நோய் வந்தால் கையிருப்பை எதற்குச் செலவிடும்? இதிலேயே ஒரு பிஎச்.டி.க்கான விஷயம் இருக்கிறது.

3. கைத்திறனைக் காட்டுங்கள்.
மார்க் ஷீட் எல்லோரிடமும் இருக்கும். புழுவின் வயிற்றுக்காலில் ஊசியால் லேசாகக் குத்தி ஹீமோலிம்ப் எடுக்கவும், அது கருத்துப்போகும் முன் ஐஸில் வைக்கவும், ரத்த அணுக்களை எண்ணவும், சினைப்பையைச் சிதையாமல் பிரித்தெடுக்கவும் பழகுங்கள். கூடவே ஸ்டாடிஸ்டிக்ஸ். இன்டர்வியூவில் "செய்திருக்கிறேன்" என்று சொல்பவருக்கே இடம்.

4. பணத்துக்கு வழி செய்யுங்கள்.
சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் வாங்கினால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் இதுதான் தொகை. சொந்த ஃபெல்லோஷிப்போடு வரும் மாணவரைச் சேர்த்துக்கொள்ள கைடு யோசிக்க மாட்டார். எம்.எஸ்சி. இறுதி ஆண்டிலேயே தயாரிப்பைத் தொடங்குங்கள்.

5. சரியான கதவைத் தட்டுங்கள்.
2004 வரை தர்மபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில், பட்டுப்புழு, மல்பெரி இனங்களைக் காக்கும் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையம் இருக்கிறது. சேலத்திலும் வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் உண்டு. ப்ராஜெக்ட்டுக்கு அங்கே முயலுங்கள். கைடைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைப் பாருங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள், அவருடைய பழைய மாணவர்கள் இப்போது இருக்கும் இடம். ஈமெயில் பத்து வரிக்குள் முடியட்டும். அதில் ஒரு வரி, அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு நீங்கள் கேட்கும் கேள்வியாக இருக்கட்டும்.

6. பெயரைக் காப்பாற்றுங்கள், இரண்டாவது வழியும் வைத்திருங்கள்.
பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சிடும் ஜர்னல்கள் பக்கம் போகாதீர்கள். அந்தப் பட்டியல் பயோடேட்டாவில் நிரந்தரமாக நிற்கும். விஷயம் தெரிந்தவர் கண்ணுக்கு முதலில் அதுதான் படும். அதேநேரம் ஆராய்ச்சி வேலை ஒன்றையே நம்பி உட்கார வேண்டாம். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலை முட்டையிட வைப்பதும் வெண்புள்ளி வைரஸிலிருந்து காப்பதும் இதே அறிவுதான். சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிபா இருக்கிறது. பட்டு வாரியத்தின் விஞ்ஞானி பணி அறிவிப்புகளையும் தவறவிடாதீர்கள்.

பிஎச்.டி. நீண்ட வேலை. ஆர்வம் தொடங்கிவைக்கும், தினமும் எழுதும் லேப் நோட்டுதான் முடித்துவைக்கும். அடுத்த புழு வளர்ப்புப் பருவத்தில் பக்கத்து விவசாயியிடம் அனுமதி கேட்டு, முட்டை முதல் கூடு வரை பார்த்துக் குறித்துவையுங்கள். பேராசிரியருக்கு ஈமெயில் எழுதும்போது கையில் சொந்தத் தரவு இருக்கட்டும்.