இராசராசன் காலத்து அடுப்பில் மிளகாய் உண்டா?

ஏழாம் வகுப்பில் பிற்காலச் சோழர் பாடம் வரும்போது பிள்ளைகளைத் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில் அது. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. கல்தேரின் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், வியப்பார்கள், திரும்பிவிடுவார்கள். இந்த ஆண்டு ஒரு கேள்வி கேட்டேன். "இந்தத் தூணைச் செதுக்கியவர் மதியம் என்ன சாப்பிட்டிருப்பார்?" "சோறும் தக்காளி ரசமும்" என்று உடனே பதில் வந்தது. சரியா தவறா என்று நான் சொல்லவில்லை. மறுவாரம் தாராசுரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போவோம் என்றேன்.

பெற்றோர் ஒப்புதல் வாங்குவதில்தான் சிக்கல். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒரு தந்தை பள்ளிக்கே வந்துவிட்டார். "நான் தூக்குற மூட்டைய எம்புள்ள பாக்கணுமா டீச்சர்? அவ இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னுதான் படிக்க அனுப்புறேன்." அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. வேலை பழக அழைத்துப் போகவில்லை, வரலாறு படிக்கத்தான் போகிறோம் என்று விளக்கினேன். அரைமனதாகக் கையெழுத்துப் போட்டார்.

காலை ஏழு மணிக்கு உள்ளே நுழைந்தோம். லாரியிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஏலக் குரலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. காயின் பெயர், எந்த அளவில் விற்கிறார்கள், இன்றைய விலை ஆகிய மூன்றை மட்டும் குழுவாகக் குறிக்கச் சொல்லியிருந்தேன். வாழையிலை கட்டாக, வெற்றிலை கவுளியாக, தக்காளி பெட்டியாக என்று குறிப்பேடு நிரம்பியது. வகுப்பில் வாய் திறக்காத அந்தப் பெண்தான் அன்று எல்லாக் குழுவுக்கும் வழிகாட்டி. ஒரு பெட்டித் தக்காளியின் விலையிலிருந்து கிலோ விலையைத் தாளில்லாமல் சொன்னாள்.

இது எனக்குப் பெரிய வியப்பாக இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்பனை செய்யும் சிறுவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 1985இல் வெளிவந்தது. விற்கும் இடத்திலேயே கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டைச் சரியாகச் சொன்ன அதே சிறுவர்கள், அவற்றை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரியாகச் செய்தார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் ஐந்தே பேர் என்றாலும், நம் வகுப்பறைகளில் இதை நாமே சோதித்துப் பார்க்கலாம்.

பிறகு மார்க்கெட்டை ஒட்டிய சிற்றுண்டிக் கடையில் பொங்கலும், இட்லியும், கும்பகோணத்துக்கே உரிய கடப்பாவும் சாப்பிட்டோம். இலையில் இருப்பவற்றை எழுதச் சொன்னேன். உண்மையில் பாடம் நடந்தது இங்கேதான்.

வகுப்புக்குத் திரும்பியதும் உலக வரைபடத்தை விரித்தோம். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், சௌசௌ ஆகியவற்றின் தாயகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய நிலப்பகுதியும். கடப்பாவின் உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து வந்தது. 1519இல் ஸ்பானியர் இன்றைய மெக்சிகோ நகரம் இருக்குமிடத்துக்கு வந்தபோது, அங்கே தலாதெலோல்கோ என்ற மாபெரும் சந்தையைக் கண்டு திகைத்தார்கள். சோளமும் மிளகாயும் குவிந்திருந்த அந்தச் சந்தையில் கொக்கோ விதைதான் சில்லறைக் காசு. இதைச் சொன்னதும் "அப்போ சாக்லேட்டக் குடுத்துத் தக்காளி வாங்குவாங்களா?" என்று ஒருவன் கேட்டான். கிட்டத்தட்ட அப்படித்தான்! ஆங்கிலத்தின் 'சில்லி', 'டொமேட்டோ' இரண்டுமே அந்நிலத்து நாவாட்டில் மொழிச் சொற்கள்.

மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்தது. மிளகு போலக் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்துக்கொண்டோம். பறங்கிக்காயோ வந்த வழியைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. அப்படியானால் தாராசுரத்துச் சிற்பி மிளகாயைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது.

"பாட்டிகிட்ட கேளுங்க, திதி அன்னைக்கு என்ன காய் சேக்க மாட்டாங்கன்னு" என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் இல்லை. இருந்த வீடுகளிலிருந்து வந்த பட்டியலில் தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் இருந்தன. சில வீடுகளில் மிளகாய்க்குப் பதில் மிளகுதான். பல கோயில் மடைப்பள்ளிகளிலும் இன்றுவரை காரத்துக்கு மிளகையே சேர்க்கிறார்கள். கல்வெட்டைப் போலவே சமையலும் ஒரு வரலாற்றுச் சான்று என்பதைப் பிள்ளைகள் இப்படித்தான் பிடித்துக்கொண்டார்கள்.

சிற்பியின் இலைக்கு வகுப்பு முடிவு செய்த உணவு: சோறு, மிளகு போட்ட புளிக்குழம்பு, கத்தரிக்காய், மோர். வாழைக்காயா சேனையா என்ற சண்டை மட்டும் தீரவில்லை. வரைபடத்தில் மெக்சிகோவிலிருந்து தாராசுரத்துக்கு அம்புக்குறி வரைந்தவள் அந்த மூட்டைக்காரரின் மகள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவர் அதன் முன் நெடுநேரம் நின்றார். "இது எல்லாம் கப்பல்லயா வந்துச்சு?" என்றார். மகள்தான் பதில் சொன்னாள்.

பக்கத்தில் சந்தை இல்லாத பள்ளிகள் உழவர் சந்தைக்குப் போகலாம். அதுவும் தொலைவென்றால் சத்துணவுக் கூடம் போதும். காய் நறுக்கும் நேரத்தில் பத்து நிமிடம் நிற்க அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.