கையடக்கப் பாட்டுக் கருவி: எதை வாங்குவது? எப்படித் தேர்ந்தெடுப்பது?

உழைப்புக்கும் இசைக்கும் உள்ள உறவு தோட்டப்புற மக்கள் நன்கு அறிந்ததே. வானொலிப் பெட்டி ஓரிரு வீடுகளில் மட்டுமே இருந்த காலத்தில், அண்டை வீட்டார் அனைவரும் அதனருகே கூடிக் கேட்டனர். பின்னர் ஒலிநாடாக் கருவி வந்தது. அதன்பின் ஒலித்தட்டு, கையடக்கக் கருவி, கைப்பேசி என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்று புக்கிட் பெலிம்பிங்கிலிருந்தோ ஜெராமிலிருந்தோ கோல சிலாங்கூர் பட்டணத்துக்குச் செல்லும் ஒருவர், கடையில் நாலைந்து வகைக் கருவிகளைக் காண்கிறார். விலை வேறு, வடிவம் வேறு, விற்பவர் சொல்லும் புகழுரையும் வேறு. உழைத்துச் சேர்த்த பணத்தை எதில் இடுவது?

இவ்வினாவுக்கு விடை காண, முதலில் இக்கருவிகளுக்குள் நடந்த போட்டியின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளுதல் நலம். ஏனெனில் அப்போட்டியில் தோற்ற கருவிகளை வாங்கியவர்கள் அடைந்த இழப்பு, நமக்கு ஒரு பாடமாகும்.

போட்டிகள் கற்பித்த பாடம்

1963ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய ஒலிநாடாவை வெளியிட்டது. வேறு வகை நாடாக்களும் அக்காலத்தில் சந்தையில் இருந்தன. ஆயினும் பிலிப்ஸ் நிறுவனம் தன் நாடாவின் அமைப்பைப் பிற நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்த 1965இல் இசைந்தது. ஆகவே எந்த நிறுவனத்தின் நாடாவும் எந்த நிறுவனத்தின் பெட்டியிலும் பாடியது. பெட்டி பழுதானால் வேறு பெட்டி வாங்கலாம், நாடா வீணாகாது. 1979ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்னும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதுவும் இதே நாடாவையே ஏற்றது.

நாடாவின் காலம் கழிந்து, பாடல்கள் கணினிக் கோப்புகளாக மாறின. இங்கே புதிய போட்டி தொடங்கியது. நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 1981இல் தோன்றிய கிரியேட்டிவ் நிறுவனம், 2000ஆம் ஆண்டில் 6 கிகாபைட் கொள்ளளவுள்ள 'நோமாட் ஜூக்பாக்ஸ்' கருவியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 5 கிகாபைட் கொள்ளளவுள்ள 'ஐபாட்' கருவியுடன் வந்தது. கொள்ளளவில் சிங்கப்பூர்க் கருவியே முந்தியது. ஆனால் அது ஒலித்தட்டுக் கருவியளவு பெரிது; ஐபாடோ சட்டைப்பையில் அடங்கியது; கையாளவும் எளிதாயிருந்தது. மக்கள் ஐபாடை நாடினர். பாடல்களை வரிசைப்படுத்திக் காட்டும் முறை குறித்த காப்புரிமை வழக்கில், 2006இல் ஆப்பிள் நிறுவனம் கிரியேட்டிவ் நிறுவனத்துக்கு 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. எனினும் சந்தை ஐபாடிடமே இருந்தது.

வாக்மேனை உலகுக்குத் தந்த சோனி நிறுவனம் இப்போட்டியில் பின்தங்கியதன் காரணம் எண்ணிப் பார்க்கத்தக்கது. உலகெங்கும் 'எம்பி3' என்னும் பொது வடிவம் பரவியிருக்க, அந்நிறுவனம் தன் சொந்த வடிவத்தையே பல ஆண்டுகள் வற்புறுத்தியது. 2004ஆம் ஆண்டின் இறுதியிலேதான் எம்பி3 கோப்புகளை நேரடியாக ஏற்கும் கருவிகளைத் தரத் தொடங்கியது.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கதை இதனினும் வியப்பானது. பல நிறுவனங்களின் கருவிகளிலும் தன் பூட்டுப் போட்ட பாடல்கள் ஒலிக்கும் என்பதற்கு அடையாளமாக, 'உறுதியாய் ஒலிக்கும்' எனப் பொருள்படும் முத்திரையை அது 2004இல் அறிமுகப்படுத்தியது. மக்கள் நம்பிப் பாடல்களை விலைக்கு வாங்கினர். 2006இல் அதே நிறுவனம் 'ஸூன்' என்னும் சொந்தக் கருவியை வெளியிட்டது. அந்த முத்திரையுடன் வாங்கிய பாடல்கள் ஸூன் கருவியில் ஒலிக்கவில்லை! பின்னர் 2011இல் ஸூன் கருவியும் நிறுத்தப்பட்டது. 2015இல் அதன் சேவையும் மூடப்பட்டது. போட்டியில் வென்ற ஐபாடுகூட நிலைக்கவில்லை. 2022ஆம் ஆண்டு மே மாதம் அதன் உற்பத்தி முடிவுற்றது.

இவ்வரலாறு காட்டும் உண்மை ஒன்றே. கருவி அழியும், நிறுவனம் மனம் மாறும், பொது வடிவில் பூட்டின்றி உள்ள பாட்டு மட்டும் நம்முடன் இருக்கும். ஆகவே கருவியின் பளபளப்பைப் பார்க்குமுன், நம் பாடல்களை அதிலிருந்து வெளியே எடுக்க முடியுமா என்று பார்த்தல் வேண்டும்.

கொள்ளளவு: நீங்களே கணக்கிடுங்கள்

எம்பி3 கோப்பில் சாதாரணத் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 1 மெகாபைட் இடம் தேவை. நான்கு நிமிடப் பாட்டுக்கு 4 மெகாபைட். ஆகவே 32 கிகாபைட் அட்டையில் சுமார் 8,000 பாடல்கள் அடங்கும். நாள்தோறும் 50 பாடல்கள் கேட்டாலும், கேட்டதையே மறுபடி கேட்காமல் ஐந்து மாதத்துக்கு மேல் ஓட்டலாம். எனவே இதைவிடப் பெரிய கொள்ளளவுக்கு மிகுந்த விலை கொடுப்பது பெரும்பாலோருக்குத் தேவையற்றது. மிகக் குறைந்த விலையில் மிகப் பெரிய கொள்ளளவு என்று விற்கப்படும் அட்டைகளில் போலிகள் உண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

கைப்பேசியில் இணையவழிப் பாட்டுக் கேட்பவர் இன்னொரு கணக்கும் போடவேண்டும். அதே தரத்தில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கேட்டால் 180 மெகாபைட். முப்பது நாளுக்கு 5,400 மெகாபைட், அதாவது 5 கிகாபைட்டுக்கு மேல். இது மாதந்தோறும் ஏற்படும் செலவு. மாதச் சந்தாவை நிறுத்தினால் சேமித்து வைத்த பாடல்களும் ஒலிக்காமல் போகும். மாறாக, கிள்ளான் பள்ளத்தாக்கில் 96.3 அலைவரிசையில் ஒலிக்கும் மின்னல் எஃப்.எம். வானொலியைக் கேட்க இணையச் செலவு ஏதும் இல்லை.

மின்கலம்

பல கருவிகளில் மின்கலம் உள்ளேயே அடைக்கப்பட்டுள்ளது. சில நூறு முறை மின்னேற்றிய பின் அதன் வலிமை குறைவது இயல்பு. மின்கலத்தை மாற்ற இயலாவிட்டால், நல்ல நிலையிலுள்ள கருவியையும் தூக்கி எறிய நேரிடும். ஐபாட் மின்கலம் குறித்து அமெரிக்க வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்து, 2005இல் இழப்பீடு பெற்றனர். ஆகவே கழற்றி மாற்றத்தக்க மின்கலம் உள்ள கருவிக்கு முதலிடம் தருக.

யாருக்கு எது?

வீட்டிலுள்ள முதியவருக்குப் பெரிய பொத்தான்கள் உள்ள ஒலிப்பெட்டியே ஏற்றது. இந்தியாவில் சரிகம நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'கார்வான்' பெட்டி இவ்வகையைச் சேர்ந்தது. 5,000 பழைய பாடல்கள் முன்பே பதியப்பட்டு வரும் அப்பெட்டியின் தமிழ்ப் பதிப்பும் உண்டு. பொத்தானைத் திருகினால் போதும். படிப்பறிவோ இணையமோ வேண்டியதில்லை. ஆனால் உள்ளே பதிந்த பாடல்களை மாற்ற முடியாது. ஆதலால் இத்தகைய பெட்டி எதுவாயினும், நம் பாடல்களைச் செருகிக் கேட்க யூ.எஸ்.பி. துளையும் எஃப்.எம். வானொலியும் உள்ளனவா என்று பார்க்கவேண்டும்.

மாணவருக்குத் திரையில்லாத அல்லது சிறு திரையுள்ள எம்பி3 கருவி நன்று. மொழிப் பாடங்களையும் ஆசிரியரின் விளக்கங்களையும் பதிந்து கேட்கலாம். விளையாட்டும் அரட்டையும் கவனத்தைச் சிதைக்கமாட்டா.

ஏற்கெனவே நல்ல கைப்பேசி வைத்திருக்கும் தொழிலாளி தனிக் கருவி வாங்கவேண்டிய கட்டாயமில்லை. நினைவட்டை செருகும் இடம் இருந்தால் பாடல்களை அதில் வைத்து, இணையமின்றிக் கேட்கலாம். புதிய கைப்பேசிகள் பலவற்றில் இவ்விடமும் எஃப்.எம். வசதியும் இல்லாமையால், வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும்.

செவியும் உயிரும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, 80 டெசிபல் ஒலியை ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபலாக உயர்ந்தால் வாரத்துக்கு 4 மணி நேரமே பாதுகாப்பானது. சிறுவர்களுக்கு 75 டெசிபலே 40 மணி நேரத்துக்குரிய எல்லை. இழந்த செவித்திறன் மீண்டும் வருவதில்லை. ஒலியளவைக் கருவியின் உச்சத்தில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் வைக்காதிருப்பது எளிய விதி.

செம்பனைக் குலை வெட்டும்போது இரு காதுகளிலும் இயர்போன் அணிவது கூடாது. குலையோ மட்டையோ விழும் ஓசையும், உடன் வேலை செய்பவரின் எச்சரிக்கைக் குரலும், டிராக்டரின் சத்தமும் காதில் விழவேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கும் இதுவே பொருந்தும். பாட்டு ஓய்வு நேரத்துக்குரியது.

வாங்கும் வேளையில்

மின்னேற்றியில் சிரிம் முத்திரை உள்ளதா எனப் பாருங்கள். கடையிலேயே உங்கள் சொந்த எம்பி3 பாடலைச் செருகி ஒலிக்கச் செய்து பாருங்கள். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். குறைபாடுள்ள பொருளைக் கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 வெள்ளி. மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கை செய்யவேண்டும். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. திருட்டுத்தனமாகப் பதிந்த பாடல்களை விற்பது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறவாதீர்.

விலைக்குக் கிடைக்காத ஒலிகள்

திரைப்பாடலைத் தொலைத்தால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். பாட்டி பாடிய தாலாட்டு, கோயில் திருவிழாவில் ஒலித்த உடுக்கைப் பாட்டு, இன்று இல்லாத தோட்டத்தில் நடந்த திருமணத்தின் வாழ்த்துரை ஆகியவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இவை பல வீடுகளில் பழைய ஒலிநாடாக்களாகத் தூங்குகின்றன. ஈரப்பதமும் பூஞ்சையும் அவற்றை அழித்து வருகின்றன.

நாடாக் கருவியின் இயர்போன் துளையையும் கணினியையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, நாடாவை ஓடவிட்டு எம்பி3 கோப்பாகப் பதியலாம். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அது எடுத்துக்கொள்வதோ 60 மெகாபைட்டுக்கும் குறைவு. முன்னர்க் கூறிய 32 கிகாபைட் அட்டையில் இத்தகைய 500 நாடாக்கள் அடங்கிவிடும். கணினி பழகிய பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் இப்பணியைச் செய்யலாம். இரு படிகள் எடுத்து, இரு வேறு வீடுகளில் வைத்தல் அவசியம்.

எனவே, எந்தக் கருவியை வாங்கினாலும் முதற்கண் இவ்வினாக்களைக் கேட்டுப் பாருங்கள்:

1. இதைப் பயன்படுத்தப் போகிறவர் யார்? அவரால் தனியே இயக்க முடியுமா?
2. எம்பி3 கோப்புகளை ஏற்குமா? பாடல்களை வெளியே எடுக்க முடியுமா?
3. மின்கலத்தை மாற்ற முடியுமா?
4. வாங்கிய பின் மாதந்தோறும் செலவு உண்டா?
5. இக்கருவி நாளை நின்றுபோனால், நம் வீட்டுக் குரல்கள் நம்மிடம் இருக்குமா?

ஐந்தாம் வினாவுக்கு 'ஆம்' என்னும் விடை கிடைக்குமாயின், விலை மலிவான கருவியும் நல்ல கருவியே.