ஊழலின் வேரைத் தேடும் கோடு

முன்னுரை

ஊழல் இன்று நேற்றுத் தோன்றிய நோயன்று. அரசின் பொருளை அலுவலர் கவரும் வழிகள் நாற்பது என எண்ணிக் காட்டியது கௌடில்யரின் அர்த்தசாத்திரம். விடுதலை பெற்ற இந்தியாவிலும் 1962இல் க. சந்தானம் தலைமையில் ஊழல் தடுப்புக் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின் பயனாக 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது.

நோய் எங்கும் உண்டு. ஆயினும் ஒரு நாட்டில் மிகுந்தும் மற்றொரு நாட்டில் குறைந்தும் இருப்பது ஏன்? “எல்லாம் நம் மக்களின் குணம்” என்று கூறிக் கையை விரிப்போர் பலர். அவ்விடை உண்மையாயின் திருத்தத்திற்கு வழியே இல்லை. பொய்யாயின், வழி உண்டு; அதைத் தேடும் கடமையும் உண்டு. புள்ளியியலில் நாம் பயிலும் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு இவ்வினாவிற்கு எவ்வளவு தூரம் துணை நிற்கும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தொடர்புப் போக்கு என்பது யாது?

பெற்றோர் உயரத்தையும் மக்கள் உயரத்தையும் ஒப்பிட்ட பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கில அறிஞர் 1886இல் வெளியிட்ட ஆய்வே இம்முறைக்குப் பெயர் தந்தது. இன்றோ அது பொருளாதாரம், வேளாண்மை, மருத்துவம் என எங்கும் பயன்படுகிறது.

நமக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு ஒன்றைக் கொள்வோம். தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. ஏதோ ஓர் அணைக்கட்டின் வாய்க்காலில் தலைமடையிலிருந்து 2, 4, 6 கிலோமீட்டர் தொலைவில் மூன்று ஊர்கள் இருப்பதாகக் கற்பனை செய்வோம். நீர் திறந்தபின் வயலுக்குத் தண்ணீர் வர முறையே 3, 4, 8 நாட்கள் ஆகின்றன எனக் கொள்வோம். தொலைவு சாரா மாறி. காத்திருக்கும் நாட்கள் சார்ந்த மாறி.

தொலைவின் சராசரி 4. நாட்களின் சராசரி 5. சராசரியிலிருந்து இரு மாறிகளும் விலகும் அளவுகளைப் பெருக்கிக் கூட்டினால் 10. தொலைவின் விலக்க வர்க்கங்களைக் கூட்டினால் 8. பத்தை எட்டால் வகுக்க 1.25. அதாவது, ஒரு கிலோமீட்டர் கூடினால் காத்திருப்பு சராசரியாக ஒன்றேகால் நாள் கூடுகிறது. இதுவே மீச்சிறு வர்க்க முறையில் கிடைக்கும் கோடு.

இக்கோட்டின்படி நடு ஊருக்கு 5 நாட்கள் ஆக வேண்டும். ஆனால் 4 நாட்களே ஆயின. ஏன்? நிலத்தின் சரிவு காரணமாகலாம். ஊரார் சேர்ந்து வாய்க்காலைத் தூர் வாரியிருக்கலாம். மடை திறப்பவருக்கு யாரேனும் கையூட்டுத் தந்திருக்கலாம். கோடு கேள்வியை எழுப்புகிறது, விடையைக் கூறுவதில்லை. கோட்டிலிருந்து விலகி நிற்கும் புள்ளியே ஆய்வாளன் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் எனலாம்.

நாடுகளை ஒப்பிடும் முறை

ஊருக்குப் பதிலாக நாட்டை ஒரு புள்ளியாகக் கொண்டால் உலகையே ஒரு வரைபடத்தில் அடக்கலாம். டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்னும் அமைப்பு 1995 முதல் ஊழல் பற்றிய குறியீட்டெண்ணை வெளியிட்டு வருகிறது. 100 என்றால் மிகத் தூய்மை. 0 என்றால் மிகுந்த ஊழல். 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் டென்மார்க் 90, சிங்கப்பூர் 84, இந்தியா 38 புள்ளிகள் பெற்றன.

இத்தகைய எண்களைக் கொண்டு டேனியல் டிரைஸ்மன் 2000இல் வெளியிட்ட ஆய்வு புகழ் பெற்றது. வளமான நாடுகளிலும், பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த நாடுகளிலும், இறக்குமதி மிகுந்த நாடுகளிலும் ஊழல் குறைவாகவும், கூட்டாட்சி நாடுகளில் மிகுதியாகவும் மதிப்பிடப்படுவதை அவர் கண்டார். மக்களாட்சி இன்று உண்டா இல்லையா என்பதைவிட, அது எத்தனை ஆண்டுகள் இடையறாது நிலைத்தது என்பதே முக்கியம் என்றும் அவர் முடிவு தெரிவித்தது.

எச்சரிக்கைகள் மூன்று

முதலாவது, இக்குறியீடு ஊழலை நேரே அளப்பதன்று. வல்லுநரும் வணிகரும் கொண்ட கருத்தை அளப்பது. ஊழல் பற்றிய பேச்சே தனியொரு சக்தியாகிவிடும் என்பதைக் குன்னர் மிர்தால் 1968இல் தெற்காசியா பற்றிய தம் பெருநூலில் சுட்டினார்.

இரண்டாவது, திசை. வறுமை ஊழலை வளர்க்கிறதா, ஊழல் வறுமையை வளர்க்கிறதா? ஊழல் மிகுந்தால் முதலீடு குறைகிறது என்று பாவ்லோ மௌரோ 1995இல் காட்டினார். கோடு ஒன்றே, அம்பு இருபுறமும் பாயலாம்.

மூன்றாவது, விடுபட்ட மாறி. “சம்பளம் குறைவு, அதனால் இலஞ்சம்” என்பது எளிய விளக்கம். ஆனால் ராபர்ட் வேட் தென்னிந்திய மாநிலம் ஒன்றின் கால்வாய்ப் பாசனத்தை நேரில் ஆராய்ந்து 1982இல் எழுதியது வேறு. நல்ல வருவாய் தரும் இடத்திற்கு மாறுதல் பெறப் பொறியாளர் பணம் தருகிறார். தந்ததை விவசாயிகளிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் மீட்கிறார். பணத்தின் ஒரு பங்கு அரசியல்வாதிகளை அடைகிறது. இங்கே நேர்மையாளரும் தம் இடத்தில் நிலைப்பது அரிது. சம்பளத்தை மட்டும் உயர்த்தினால் இச்சங்கிலி அறுமா? பணியிட மாறுதல் என்னும் மாறியைச் சேர்க்காத கணக்கு, காரணத்தைப் பிழையான இடத்தில்தானே தேடும்?

குணமா, சட்டமா?

“மக்களின் குணம்” என்ற வாதத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. நியூயார்க் நகரில் ஐக்கிய நாடுகள் அவைக்கு வந்த தூதரக அலுவலர்கள், வண்டியைத் தடை செய்த இடத்தில் நிறுத்தினாலும் அபராதம் செலுத்தும் கட்டாயம் இல்லாதிருந்தனர். ஒரே நகரம், ஒரே விதி, எல்லோருக்கும் ஒரே விலக்கு. ரேமண்ட் ஃபிஸ்மனும் எட்வர்ட் மிகுவேலும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஊழல் மிகுந்த நாடுகளிலிருந்து வந்தவர்களே மிகுதியாக விதி மீறினர். ஆகவே பழக்கத்திற்கும் பங்குண்டு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2002இல், அபராதம் கட்டாத வண்டிகளின் சிறப்பு எண் பலகையைப் பறிக்கும் அதிகாரம் நகருக்குக் கிடைத்தது. கட்டப்படாத அபராதங்கள் ஏறத்தாழ 98 விழுக்காடு குறைந்தன! மனிதர் மாறவில்லை, மாறியது விதியின் கண்டிப்பு. ஹாங்காங் 1974இல் தனி ஊழல் ஒழிப்பு ஆணையம் அமைத்துப் பெரும் மாற்றம் கண்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பழக்கம் கல்லில் எழுதிய எழுத்தன்று என்பது இதனால் விளங்கும்.

நாம் செய்யத்தக்கது

நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளை ஒரு கோட்டில் அடுக்குவது பயனுடையதே. எங்கே தேடலாம் என்பதை அது காட்டும். ஆனால் காரணத்தைக் காண வாய்க்கால் கரைக்கும் அலுவலக வாயிலுக்கும் நடந்து செல்ல வேண்டும்.

பொருளியல், புள்ளியியல் மாணவர்கள் நம் பள்ளத்தாக்கிலேயே இதைத் தொடங்கலாம். “இலஞ்சம் கொடுத்தீர்களா?” என்று கேட்டால் உண்மை வராது. கார், பிசானப் பருவங்களில் தண்ணீருக்கு எத்தனை நாள் காத்திருந்தீர்கள், பட்டா மாறுதலுக்கு எத்தனை முறை அலைந்தீர்கள் என்று கேட்டால் எண்கள் கிடைக்கும். தொலைவு, நில அளவு, கல்வி ஆகியவற்றைச் சாரா மாறிகளாகக் கொண்டு கோடு வரையலாம். விலகி நிற்கும் புள்ளிகளை நேரில் சென்று காணலாம். அலுவலக ஆவணங்களைக் கேட்டுப் பெற 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது.

தலைமடையில் தவறு நிகழ்ந்தால் பயிர் கருகுவது கடைமடையில்தான். அந்த உழவனிடம் “இது நம் குணம்” என்று சொல்லி நகர்வது எளிது. எது அவன் தண்ணீரைத் தடுத்தது என்று எண்ணிப் பார்த்துச் சொல்வதே கற்றவர் கடமை.