ட்ரம்மில் எத்தனை ஓட்டை போடணும்?

200 லிட்டர் இரும்பு ட்ரம்மில் இறைச்சி ஸ்மோக்கர் செய்யச் சொல்லித்தரும் வீடியோக்களில் திரும்பத் திரும்ப ஒரே கணக்குதான் வரும்: அடியில் முக்கால் இஞ்ச் ஓட்டை, மூணோ நாலோ. ஏன் அத்தனைன்னு கேட்டா பதில் வராது. பதில் நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நோட்டிலேயே இருக்கு.

கிரில் வேற, ஸ்மோக்கர் வேற. கிரில்லில் தணலுக்கு மேலேயே வச்சு சட்டுனு சுடுறோம். ஸ்மோக்கரில் 110 டிகிரி செல்சியஸ் சூட்டையும் புகையையும் மணிக்கணக்கில் ஒரே சீராப் பிடிச்சு வைக்கணும். அப்பதான் முரட்டுத் தசையில் உள்ள கொலாஜன் ஜெலட்டினா மாறி, கறி பஞ்சு மாதிரி ஆகும். அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் செய்யும் ட்ரம்முக்கு 'அக்ளி ட்ரம் ஸ்மோக்கர்'னே பேர். பார்க்க அசிங்கமா இருக்கும், வேலை கச்சிதமா நடக்கும்.

கணக்குக்கு வருவோம். ட்ரம் விட்டம் 57 செ.மீ., உயரம் 88 செ.மீ. சுவரும் மூடியும் சேர்ந்து சுமார் 1.8 சதுர மீட்டர். உள்ளே 110, வெளியே 30. வித்தியாசம் 80 டிகிரி. மொத்த வெப்பக் கடத்தல் எண்ணை 5 என்று எடுத்தால், சுவர் வழியா மட்டும் 720 வாட் போகுது. புகையோட போறதையும் கறியில் இருக்கும் தண்ணீர் ஆவியாக எடுக்குறதையும் சேர்த்து ஒன்றரை கிலோவாட்னு தாராளமா வச்சுக்கலாம். ஒரு கிலோ கரியில் ஏறக்குறைய 30 மெகாஜூல் இருக்கு. ஆக மணிக்கு 180 கிராம் கரி எரிஞ்சா போதும். கூடையில் நாலு கிலோ போட்டாலும் எரிய வேண்டியது அவ்வளவுதான். அதை முடிவு பண்றது கரி இல்லை, காற்று.

ஒரு கிலோ கார்பன் எரிய 11.5 கிலோ காற்று வேணும். அப்போ மணிக்கு சுமார் 1.8 கன மீட்டர். எல்லா ஆக்சிஜனும் கரியைத் தொடாது. இரண்டு மடங்கு, 3.6 கன மீட்டர் விடுவோம். இந்தக் காற்றை உள்ளே இழுக்க ஃபேன் கிடையாது. சூடான காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம், 0.8 மீட்டர் உயரத்துக்குத் தருவது வெறும் 2 பாஸ்கல். பெர்னூலியில் போட்டால் வேகம் விநாடிக்கு 1.8 மீட்டர். 20 மி.மீ. ஓட்டை ஒன்றில், டிஸ்சார்ஜ் கோஎஃபிஷியன்ட் 0.6 என்றால், மணிக்கு 1.2 கன மீட்டர் நுழையும். மூணு ஓட்டை சரியா வருது. நாலாவது, சூட்டைக் கூட்ட வேண்டி வந்தா கைவசம் இருக்கட்டும்.

அந்த 2 பாஸ்கலை மறக்காதீங்க. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் இளங்காற்றோட அழுத்தமும் கிட்டத்தட்ட அதேதான்! ஓட்டைக்கு நேரா காற்றடிச்சா உங்க கணக்கு முழுக்கக் காலி. காற்றுப் பக்கம் ஒரு தகரத்தை மறைப்பா நிறுத்துங்க.

செய்முறை சுலபம். தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் சுற்றி நாலு ஓட்டை. ஒன்றில் பித்தளை பால் வால்வு, மத்ததை மூடித் திறக்க காந்தத் தகடு. அடியில் கால் வச்ச ஜாலிக் கூடை, அதில் கரி. கரிக்கு 60 செ.மீ. மேலே கறி வைக்கும் வலை. மூடியில் இரண்டு இஞ்ச் பைப் ஒன்று. அது எப்பவும் முழுசா திறந்தே இருக்கணும். அதை அடைச்சு சூட்டைக் குறைக்கப் பார்த்தா புகை உள்ளேயே தேங்கி கறி கசக்கும்.

ட்ரம் வாங்குறதில்தான் உயிர் போற விஷயம் இருக்கு. பெயிண்ட், தின்னர், கெமிக்கல் இருந்த ட்ரம் காயலான் கடையில் மலிவாக் கிடைக்கும். வேண்டவே வேண்டாம். உள்ளே தங்கிய ஆவி, கிரைண்டர் பொறி பட்டதும் வெடிக்கும். காலி ட்ரம்தான் ரொம்ப ஆபத்து. மாம்பழக் கூழ் மாதிரி உணவுப்பொருள் வந்த, மூடி தனியாக் கழற்றும் ட்ரம்மாப் பாருங்க. உள் பூச்சு இருந்தா வெட்டவெளியில் விறகு போட்டு எரிச்சு, வெறும் இரும்பு தெரியும்வரை தேய்ங்க. வலைக்கும் கூடைக்கும் ஜி.ஐ. கம்பி கூடாது, சூட்டில் துத்தநாகப் புகை வரும். ஹாஸ்டல் பால்கனியில் பற்றவைக்கும் ஐடியா இருந்தா இப்பவே விட்டுடுங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கரி நமக்குப் பிரச்சினையே இல்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலங்கரி, டெக்சாஸ்காரங்க கொண்டாடும் மெஸ்கீட் மரத்துக்குப் பங்காளி. புகைக்கு, காய்ந்த கொய்யாக் கட்டை இரண்டு.

பற்றாத கரிக்கு நடுவில், பற்றிய கரித்துண்டு பத்து மட்டும் வைங்க. 90 டிகிரி வந்ததுமே ஓட்டைகளை ஒவ்வொன்றா மூட ஆரம்பிக்கணும். சூடு 110-ஐத் தாண்டிப் போயிட்டா இறங்க நேரமாகும்; கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் படிக்கும் ஓவர்ஷூட் இதுதான். மூடியைத் திறந்து திறந்து எட்டிப் பார்க்கிறவங்க ஆக்சிஜனை அள்ளிக் கொட்டுறாங்க.

பெரிய மட்டன் தொடையா இருந்தா உள்சூடு 70 டிகிரி பக்கம் வந்து நகராம நிற்கும். பதற வேண்டாம். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி, மண்பானைத் தண்ணி மாதிரி கறி தன்னைத்தானே குளிர வைக்குது. ஈரம் குறைஞ்சதும் ஏறும். 93 வந்தா இறக்கிடலாம். சிக்கனுக்கு 74 போதும்.

இறக்கியதும் எல்லா ஓட்டையையும் மேல் பைப்பையும் அடைச்சுடுங்க. தீ அணைஞ்சு, மிச்சக் கரி அடுத்த வாரத்துக்கு ஆகும். ட்ரம் முழுசா ஆறும் வரைக்கும் மூடியைத் தொடாதீங்க.