அரசாணையும் படத்தலைப்பும்

கேள்வி: தமிழ்ப் படங்களின் போக்கைத் தீர்மானிப்பது அரசியலா, ரசிகர்களின் ரசனையா?
– வாசகர், வேப்பந்தட்டை

பதில்: அரசியலுக்கும் இதில் பங்குண்டு. இதற்குத் தெளிவான சான்று கேளிக்கை வரி, அதாவது நுழைவுச்சீட்டுக் கட்டணத்தின் மீது மாநில அரசு விதித்துவந்த வரி. தமிழில் தலைப்பு வைக்கும் படங்களுக்கு 2006இல் கருணாநிதி தலைமையிலான அரசு இவ்வரியிலிருந்து விலக்கு அளித்ததும், 'தமிழ் எம்.ஏ.' எனத் தொடங்கப்பட்ட படம் 2007இல் 'கற்றது தமிழ்' என வெளிவந்தது. 'மாஸ்' 2015இல் 'மாசு என்கிற மாசிலாமணி' ஆயிற்று. 2011இல் அ.தி.மு.க. அரசு, எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று தணிக்கை வாரியம் அளிக்கும் 'யு' சான்றிதழையும் நிபந்தனையாகச் சேர்த்தபோது, தலைப்போடு நின்ற தலையீடு கதைக்குள்ளும் நுழைந்தது. தலைப்பு மாற்றம் மொழிக்குச் சிறு நன்மையேனும் செய்தது. சான்றிதழுக்காகக் காட்சிகளை வெட்டும் நிலையோ, முதிர்ந்த பார்வையாளருக்கான படைப்புகளுக்கு உண்மையான இழப்பாகும்.

2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்து அச்சலுகை மறைந்தது. அதன்பின் பல மாநிலங்களிலும் இணையத்திலும் ஒரே பெயரில் விற்பனையாக வேண்டிய தேவை மேலோங்க, 'மாஸ்டர்', 'பீஸ்ட்', 'ஜெயிலர்' போன்ற தலைப்புகள் பெருகின. ஹாலிவுட்டிலும் 1930களில் ஸ்டுடியோக்கள் ஏற்ற ஒழுக்க விதித்தொகுப்பு, ரசனை மாறியதால் தளர்ந்து 1968இல் கைவிடப்பட்டது. ஆயினும் அது தொழில்துறை தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு, தமிழகத்திலோ அரசின் வரிச்சலுகையே அவ்வேலையைச் செய்தது.