கிரிப்டோ நாணயம்: வணிகர்கள் அறிய வேண்டியவை

அண்மைக் காலமாக நம் உறுப்பினர்கள் பலரும் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பிட்காயின், கிரிப்டோ என்கிறார்களே, அது என்ன? கடையில் வாங்கலாமா? அதில் பணம் போடலாமா?” என்பதே அது. கல்லூரியில் படிக்கும் மகன் வீட்டில் அதைப் பற்றிப் பேசுகிறான். தெரிந்தவர் ஒருவர் கடைக்கே வந்து, ஆறு மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்கிறார். சரக்கின் தரம் தெரியாமல் நாம் கொள்முதல் செய்வதில்லை. இதையும் அப்படியே முதலில் பிரித்துப் பார்ப்போம்.

இரண்டு காசோலைச் சிக்கல்

ஒருவர் வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் இருக்கிறது. அவர் அரிசி மண்டிக்கு ஒன்று, எண்ணெய்க் கடைக்கு ஒன்று என்று 10,000 ரூபாய்க்கு இரண்டு காசோலைகள் கொடுத்துவிடுகிறார். முதலில் வந்த காசோலைக்கு வங்கி பணம் தரும். அடுத்ததைத் திருப்பி அனுப்பிவிடும். கணக்குப் புத்தகம் வங்கியின் கையில் இருப்பதால்தான் இது முடிகிறது.

நடுவில் வங்கியே இல்லாமல், கணினி வழியாக ஒருவர் மற்றவருக்கு நேராகப் பணம் அனுப்பினால், ஒரே பணத்தை இருவருக்குக் கொடுப்பதை யார் தடுப்பது? நீண்ட காலம் விடை கிடைக்காதிருந்த இக்கேள்விக்கு, 2008 அக்டோபரில் சத்தோஷி நாகமோட்டோ என்ற பெயரில் வெளியான 9 பக்கக் கட்டுரை ஒரு வழி சொன்னது. அப்பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது இதுவரை உறுதிப்படவில்லை. 2009 ஜனவரியில் பிட்காயின் நடைமுறைக்கு வந்தது.

எல்லோரிடமும் இருக்கும் பேரேடு

அவர் சொன்ன வழி இதுதான். கணக்குப் பேரேட்டை ஒருவரிடம் மட்டும் வைக்காமல், அதே பேரேட்டின் பிரதியை உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் வைப்பது. ‘இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு இவ்வளவு’ என்று ஒருவர் அனுப்பினால், செய்தி எல்லாக் கணினிகளுக்கும் போகும். இருப்பு உண்டா, அதே நாணயம் முன்பே செலவாகிவிட்டதா என்று ஒவ்வொன்றும் சரிபார்க்கும்.

சுமார் 10 நிமிடங்களுக்கு ஒரு முறை, வந்து சேர்ந்த பதிவுகள் ஒரு புதிய பக்கமாகக் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதிலுள்ள விவரங்களிலிருந்து கணக்கிடப்பட்ட முத்திரை எண் ஒன்று உண்டு. முந்தைய பக்கத்தின் முத்திரை எண்ணும் அடுத்த பக்கத்தில் எழுதப்படுகிறது. பழைய பக்கத்தில் ஓர் இலக்கத்தைத் திருத்தினாலும் அதன் முத்திரை மாறிவிடும். பின்னால் வரும் எந்தப் பக்கமும் பொருந்தாது. பக்கங்கள் இப்படிச் சங்கிலியாகப் பிணைக்கப்படுவதால் இதை ‘பிளாக்செயின்’ என்கிறார்கள்.

பக்கத்தை மூடும் உரிமை போட்டியில் கிடைப்பது. கடினமான கணக்குப் புதிரை முதலில் விடுவிக்கும் கணினிக்கே அந்த உரிமை. அதற்குக் கூலியாகப் புதிய பிட்காயின் தரப்படுகிறது. இவ்வேலையைச் சுரங்கம் தோண்டுவதோடு ஒப்பிட்டு ‘மைனிங்’ என்கிறார்கள். மின்சாரச் செலவு மிகுந்த வேலை. தொடக்கத்தில் பக்கத்துக்கு 50 ஆக இருந்த கூலி, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயினுக்கு மேல் உருவாகாது என்பது விதி.

பிட்காயினைத் தொடர்ந்து எத்தனையோ நாணயங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தப் பொதுப் பேரேடுதான்.

சாவி தொலைந்தால்?

நாணயம் கைபேசிக்குள் இருப்பதாகச் சிலர் எண்ணுகிறார்கள். அது பேரேட்டில் உள்ள பதிவு மட்டுமே. அதைச் செலவழிக்க இரகசியச் சாவியாக ஒரு நீண்ட எண் உண்டு. அது தொலைந்தால் பணமும் தொலைந்தது போலத்தான். பிறர் கையில் கிடைத்தால் அவர் எடுத்துக்கொள்வார். தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டால் திரும்பப் பெற வங்கி மேலாளரோ, புகார் மனுவோ கிடையாது.

சாவியைத் தாமே பாதுகாக்கத் தயங்குவோர் பரிமாற்ற நிறுவனங்களிடம் ஒப்படைக்கிறார்கள். அங்கும் ஆபத்து உண்டு. டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் 2014-ல் திவாலானது. எஃப்.டி.எக்ஸ். 2022 நவம்பரில் கவிழ்ந்தது. நம் நாட்டின் வாசிர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து 2024 ஜூலையில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. பேரேடு பழுதில்லாமல் இருந்தாலும், சாவி வைத்திருந்த இடம் பழுதாகலாம் என்பதே இதில் பாடம்.

ஒரு நாட்டுக் கடைக்காரர்கள் கண்ட அனுபவம்

மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடார், உலகிலேயே முதலாவதாக 2021 செப்டம்பர் 7 அன்று பிட்காயினைச் செல்லுபடியாகும் பணமாக்கியது. அங்கே 2001 முதல் அமெரிக்க டாலரே புழங்கி வருகிறது. வாடிக்கையாளர் பிட்காயின் நீட்டினால், வசதியுள்ள கடைக்காரர் வாங்கியே தீர வேண்டும் என்றது சட்டம். அரசின் செயலியைப் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் 30 டாலர் மதிப்பில் பிட்காயின் இலவசமாகத் தரப்பட்டது.

நடந்தது என்ன? பலர் அந்த 30 டாலரைச் செலவழித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். பிட்காயின் வாங்கிய கடைக்காரர்களில் பெரும்பாலோர் அதை டாலராக மாற்றிக்கொண்டார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலர் வரை ஏறிய ஒரு பிட்காயின், அடுத்த ஆண்டு நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. 2025 ஜனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பிட்காயின் வாங்குவது கடைக்காரரின் விருப்பம் என்று ஆக்கிவிட்டது.

நம் கடைக் கணக்கில் பார்ப்போம்

1,450 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த அரிசி மூட்டையை 1,500-க்கு விற்கிறோம். லாபம் 50 ரூபாய். விலையைப் பிட்காயினாக வாங்கி, மண்டிக்குப் பணம் கட்டும் நாள் வரை வைத்திருக்கிறோம். அதற்குள் அதன் விலை 5 சதவீதம் இறங்கினால் நம் கையில் இருப்பது 1,425 ரூபாய். லாபம் போய், 25 ரூபாய் நட்டம். 5 சதவீத ஏற்ற இறக்கம் பிட்காயினுக்குப் புதிதல்ல; ஒரே நாளில்கூட நிகழ்வதுண்டு. ஏறினால் லாபம்தானே என்று கேட்கலாம். மளிகைக் கடையின் லாபம் சரக்கில் வர வேண்டும். கல்லாவில் உள்ள பணத்தைச் சூதுக்கு விட்டு வரக் கூடாது.

சட்டமும் வரியும்

வங்கிகள் கிரிப்டோ வணிகத்துக்குச் சேவை செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே வாங்குவதும் விற்பதும் குற்றமல்ல. ஆனால் இது செல்லுபடியாகும் பணமாக அறிவிக்கப்படவும் இல்லை. கடனுக்கு ஈடாக யாரும் நம்மை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

2022 ஏப்ரல் முதல் இதில் கிடைக்கும் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. நட்டம் வந்தால் அதைக் கடை லாபத்தில் கழிக்க முடியாது. அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. 2022 ஜூலை முதல், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பரிமாற்றங்களுக்கு 1 சதவீதம் வரிப் பிடித்தமும் உண்டு. ஜி.எஸ்.டி.யை எப்படியும் ரூபாயில்தான் கட்ட வேண்டும்.

யு.பி.ஐ.யையும் டிஜிட்டல் ரூபாயையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். யு.பி.ஐ. வங்கிக் கணக்கிலுள்ள ரூபாயை மாற்றும் வழி. 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு வெள்ளோட்டம் விடப்பட்ட டிஜிட்டல் ரூபாய், ரிசர்வ் வங்கியே வெளியிடும் பணம். இரண்டிலும் ஒரு ரூபாய் என்றும் ஒரு ரூபாய்தான்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. கடை முதல், மண்டிக்குச் சேர வேண்டிய பணம், சீட்டுப் பணம் இவற்றில் ஒரு ரூபாயும் கிரிப்டோவில் போகக் கூடாது.

2. நிச்சய லாபம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ‘கெயின் பிட்காயின்’ என்ற திட்டம் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருவதாகச் சொல்லி நாடெங்கும் பணம் திரட்டியது. நடத்தியவர் 2018-ல் கைதானார்; போட்டவர்கள் பணத்தை இழந்தார்கள்.

3. இரகசியச் சாவியையோ கடவுச் சொல்லையோ எவரிடமும் சொல்லாதீர்கள்.

4. ஏற்கனவே வாங்கியிருந்தால் தேதி, விலை, தொகை ஆகியவற்றை எழுதி வைத்து ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

பொதுப் பேரேடு என்பது கற்றுக்கொள்ளத் தக்க நல்ல யோசனை. கணக்கை மறைவின்றி எழுதினால் நம்பிக்கை வளரும் என்பது வணிகர்களாகிய நமக்குத் தெரிந்ததுதான். அந்த யோசனையைப் பாராட்டுவோம். பிள்ளைகளிடம் கேட்டு மேலும் அறிவோம். பல ஆண்டு உழைப்பில் சேர்த்த முதலை மட்டும் கல்லாவிலும் சரக்கிலும் பத்திரமாக வைத்திருப்போம்.